‘காலம்’ அகலம்: ஒரு சொல் விளக்கம்

இணையச் செயலி செய்பவர்கள் பேச்சில் ‘காலம்’ என்பது ‘column’ என்ற ஆங்கிலச் சொல், அட்டவணையில் மேலிருந்து கீழாகப் போகும் பகுதி. பேசும்போது சிக்கல் இல்லை. தமிழில் எழுதினால்தான் வம்பு. மண்ணடி இரும்புக் கடைக்குச் சரக்குக் கணக்குச் செயலி செய்து கொடுத்தவர், ‘இரண்டாம் பக்கத்தில் காலம் கூடிவிடுகிறது, சரிசெய்கிறோம்’ என்று எழுதி அனுப்பினால், கடைக்காரர் செயலி மெதுவாக ஓடுகிறது என்றுதான் நினைத்துக்கொள்வார். அவர் சொல்ல வந்தது அகலத்தை. பக்கம் மாறினாலும் மாறாமல் நிற்கும் ‘காலம்’ அகலத்தைத் தமிழில் எப்படிச் சொல்வது?

அந்த ஆங்கிலச் சொல்லுக்கு மூலம் லத்தீன். அதில் ‘கொலும்னா’ என்றால் தூண். 1856-இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையத்தின் முகப்பில் நிற்கும் தூண்களுக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான். ஏட்டுப் பக்கத்தை நெடுக்காகப் பிரித்தபோது அந்தப் பகுதிகளும் தூண்போல நின்றதால் பெயர் அவற்றுக்கும் ஒட்டிக்கொண்டது.

தமிழில் இதற்குச் சொல் பஞ்சமில்லை. செய்தித்தாளில் ‘பத்தி’, ஆனால் அது பாராவையும் குறிக்கும். பள்ளிக் கணக்கில், அணிகள் (மேட்ரிக்ஸ்) பாடத்தில், கிடையாக இருப்பது நிரை, நெடுக்காக இருப்பது நிரல். நிரை என்றதும் ஆநிரை நினைவுக்கு வரும். நிரல் என்பது ஒழுங்கு, முறை. நிரல்நிறை அணிக்கு எல்லோரும் காட்டும் 45-ஆம் குறளில் அன்புக்குப் பண்பும் அறத்துக்குப் பயனும் முறையே வந்து பொருந்துகின்றன. இரண்டு நிரை, இரண்டு நிரல் என்று கட்டம் போட்டே காட்டிவிடலாம். அழகான சொல். ஆனால் கணினித் தமிழில் புரோகிராமுக்கு ‘நிரல்’ என்று முன்பே பெயர் வைத்துவிட்டார்கள். ‘நிரலில் நிரலின் அகலத்தை மாற்று’ என்று யாருக்குச் சொல்வது? ஆகவே செயலிக்கு ‘நெடுவரிசை’யே பொருத்தம். கொஞ்சம் நீளம், ஆனால் குழப்பம் இல்லை.

அடுத்தது, அகலத்துக்கு முன்னால் வரும் அடைமொழி. ‘சீரான நெடுவரிசை அகலம்’ என்றால் எல்லா நெடுவரிசையும் ஒரே அகலம் என்று ஆகிவிடும். நமக்கு வேண்டியது அதுவல்ல. பொருளின் பெயருக்கு அகலமான இடம், எடைக்கு ஒடுக்கமான இடம். எந்தப் பக்கத்துக்குப் போனாலும் அவை அப்படியே நிற்க வேண்டும். அதற்கு ‘மாறா அகலம்’ என்பதே சரி.

ஏன் மாறுகிறது? அட்டவணைக்கு உலாவியின் (பிரவுசர்) இயல்பான முறை ‘ஆட்டோ’. பக்கத்தில் உள்ள எல்லாக் கட்டங்களையும் பார்த்து, உள்ளே இருப்பதற்கேற்ப இடத்தைப் பங்கிடும். முதல் பக்கத்தில் ‘ஆணி’, ‘போல்ட்’. அடுத்த பக்கத்தில் நீளமான குழாய் பெயர் ஒன்று வந்தால் அந்த நெடுவரிசை உப்பி, விலை வலப்பக்கம் ஓடிவிடும். ‘அடுத்து’ பொத்தானை அழுத்தும்போதெல்லாம் கண் விலையைத் தேட வேண்டும்.

இணையப் பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழி சிஎஸ்எஸ். 1998-இல் வந்த சிஎஸ்எஸ் 2-லேயே இதற்கு வழி இருக்கிறது: ‘டேபிள்-லேஅவுட்’ பண்பை ‘ஃபிக்ஸ்டு’ ஆக்கி, அட்டவணையின் நெடுவரிசைகளைக் குறிக்கும் ‘கோல்குரூப்’ உள்ளே ஒவ்வொரு நெடுவரிசைக்கும் அகலம் எழுதிவிடுவது. அப்புறம் உலாவி கீழே உள்ள கட்டங்களைப் பார்த்து அகலத்தை மாற்றாது. அட்டவணைக்கும் ஓர் அகலம் கொடுக்க வேண்டும், நூறு சதவீதம் என்றாவது. அதை விட்டுவிட்டால் ஃபிக்ஸ்டு என்று எழுதியும் பயன் இல்லை. இதில் ஒரு விலையும் உண்டு: நீளமான சொல் கட்டத்தைத் தாண்டி வழியும். ஒட்டி ஒட்டி நீளும் தமிழ்ச் சொற்களுக்கு இது அடிக்கடி நடக்கும். ‘ஓவர்ஃப்ளோ-ராப்’ போட்டுச் சொல்லை மடிக்கலாம். வெட்டி மூன்று புள்ளி வைப்பதை நான் விரும்புவதில்லை. சரக்குக் கணக்கில் வெட்டுப்படுவது பெரும்பாலும் குழாயின் அளவாகத்தான் இருக்கும்.

இத்தனையும் செய்த பிறகும் கடைசிப் பக்கத்தில் மட்டும் அட்டவணை லேசாக அகன்றால், நெடுவரிசைகளைக் குறை சொல்ல வேண்டாம். அங்கே வரிகள் குறைவு, உருள்பட்டை மறைந்திருக்கும். அதன் இடத்தை எப்போதும் ஒதுக்கி வைக்க ‘ஸ்க்ரோல்பார்-கட்டர்’ பண்புக்கு ‘ஸ்டேபிள்’ என்று கொடுத்தால் போதும்.