மெல்பர்ன் புறநகரில் வீடு தேடுகிறீர்களா? பள்ளி ஸோன் விஷயத்தைப் பார்த்துவிடுங்கள்

கிளைட் நார்த்தில் ஒரு புதிய குடியிருப்பு எஸ்டேட்டின் விற்பனை அலுவலகம். சுவர் முழுக்க வரைபடம். நாங்கள் பார்க்கப் போன மனையிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஊதா நிறத்தில் ஒரு கட்டம், அதற்குள் 'எதிர்கால அரசுப் பள்ளி' என்று எழுதியிருந்தது. ஏஜென்ட் அதை விரலால் தட்டிக் காட்டி, பிள்ளை நடந்தே பள்ளிக்குப் போகலாம் என்றார். எப்போது திறப்பார்கள் என்று கேட்டேன். காபி குடிக்கிறீர்களா என்று கேட்டார்.

அந்த ஊதாக் கட்டத்துக்கு அப்புறம் வருகிறேன். முதலில் விதி என்ன என்று பார்ப்போம்.

விக்டோரியா மாநிலத்தின் 2006ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, பிள்ளையின் நிரந்தர முகவரி எந்த அரசுப் பள்ளியின் ஸோனுக்குள், அதாவது அந்தப் பள்ளிக்கென்று வகுத்த எல்லைக்குள், இருக்கிறதோ அந்தப் பள்ளியில் இடம் பெறுவது பிள்ளையின் உரிமை. நேர்காணலோ டொனேஷனோ கிடையாது. பிள்ளைகள் கூடிப்போனால் மைதானத்தின் ஓரமாகப் போர்ட்டபிள் வகுப்பறைகளைக் கொண்டுவந்து இறக்குவார்கள். சென்னையில் எல்கேஜி விண்ணப்பத்துக்காக விடிவதற்கு முன்பே வரிசையில் நின்றவர்களும், இலங்கையில் முதலாம் ஆண்டு அனுமதிக்காக வாக்காளர் இடாப்பைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்களும் இதை முதலில் நம்புவதில்லை. நானும் நம்பவில்லை. உண்மைதான்.

ஸோன் எப்படி வகுக்கப்படுகிறது? பெரும்பாலும், வீட்டுக்கு எந்தப் பள்ளி அருகில் இருக்கிறதோ அதுதான் உங்கள் பள்ளி. மெல்பர்ன் பெருநகரத்திலும் ஜீலாங், பாலரட், பெண்டிகோ நகரங்களிலும் இந்தத் தூரத்தை நேர்கோட்டில்தான் அளக்கிறார்கள், சாலை வழியாக அல்ல. காக்கை பறக்கிற கணக்கு. இடையில் ஒரு ஓடையோ ஃப்ரீவேயோ இருந்தால், ஜன்னலிலிருந்து கூரை தெரிகிற பள்ளிக்குக் காரில் பத்து நிமிடம் சுற்றிக்கொண்டு போக நேரலாம். இரண்டு பள்ளிகளுக்கு நடுவில் எல்லைக்கோடு விழும் இடத்தில், ஒரே தெருவின் இந்த முனை ஒரு பள்ளிக்கும் அந்த முனை இன்னொரு பள்ளிக்கும் போகும்.

அதனால்தான் "டார்னீட் நல்ல ஏரியா", "பெரிக் பக்கம் போங்க, பள்ளிக்கூடம் நல்லா இருக்கும்" என்று விருந்துகளில் கிடைக்கும் அறிவுரையால் பெரிய பயன் இல்லை. ஸோனுக்குப் புறநகரின் பெயர் தெரியாது, வீட்டு எண் மட்டும்தான் தெரியும். 'ஃபைண்ட் மை ஸ்கூல்' என்ற அரசு இணையதளத்தில் முழு முகவரியைப் போடுங்கள். எந்த ஆண்டில் சேரப் போகிறார், தொடக்கப் பள்ளியா உயர்நிலையா என்பதையும் தேர்ந்தெடுங்கள், ஏனென்றால் இரண்டுக்கும் ஸோன் வேறு வேறு. ப்ரெப் (முதலாம் வகுப்புக்கு முந்தைய பள்ளி ஆண்டு) சேரும் பிள்ளைக்கு வீடு தேடுபவர்கள் பெரும்பாலும் தொடக்கப் பள்ளியை மட்டும் பார்த்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். ஏழு வருடத்தில் ஏழாம் வகுப்பு வந்து நிற்கும், ஆனால் வீட்டுக் கடன் முப்பது வருடம்.

வீட்டு விளம்பரத்தில் 'இந்தப் பள்ளி ஸோனில் உள்ளது' என்று போட்டிருந்தாலும் நீங்களே ஒருமுறை முகவரியைப் போட்டுப் பாருங்கள். ஸோன்கள் ஆண்டுதோறும் மாறலாம். அதிலும் வெளிப் புறநகரங்களில், புதிய பள்ளி ஒன்று திறந்தால் சுற்றியுள்ள பள்ளிகளின் எல்லைகள் எல்லாம் நகரும். 2019 முதல் 2026 வரை 100 புதிய பள்ளிகள் திறப்பது என்பது மாநில அரசின் திட்டம். அவற்றில் நிறைய, டார்னீட், கிளைட் நார்த், மிக்கில்ஹம் போன்ற வளரும் பகுதிகளில்தான். நல்ல செய்திதான். ஆனால் பக்கத்து வீட்டு மூத்த பிள்ளை போகும் பள்ளிக்கே உங்கள் பிள்ளையும் போவார் என்று கணக்குப் போட முடியாது. ஏற்கெனவே சேர்ந்த பிள்ளையை எல்லை மாறியதற்காக வெளியே அனுப்ப மாட்டார்கள் என்பது ஒரு நிம்மதி.

சரி, அந்த ஊதாக் கட்டம். எஸ்டேட் வரைபடத்தில் பள்ளிக்கு இடம் குறித்திருப்பதற்கு, அந்தப் பகுதியின் நகரமைப்புத் திட்டத்தில் நிலம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று மட்டும்தான் அர்த்தம். அரசு அந்த நிலத்தை வாங்க வேண்டும், பட்ஜெட்டில் கட்டடத்துக்குப் பணம் ஒதுக்க வேண்டும், கட்ட வேண்டும். ஒவ்வொன்றும் தனித்தனிப் படி. நிலம் வாங்கியாகிவிட்டதா, திறக்கும் ஆண்டு அறிவித்தாயிற்றா என்று விக்டோரியப் பள்ளிக் கட்டட ஆணையத்தின் தளத்தில் பாருங்கள். திறக்கும் ஆண்டு போட்டிருந்தால் நம்பலாம். இல்லையென்றால் அது இன்றைக்குப் புல்வெளி. இன்னொன்று, புதிய உயர்நிலைப் பள்ளிகள் பல ஏழாம் வகுப்போடு மட்டும் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக வளரும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையோடு குடிபோகிறவர்கள் பள்ளியின் பெயர்ப் பலகையைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

ஸோனுக்கு வெளியே இருந்துகொண்டும் ஒரு பள்ளியைக் கேட்கலாம். ஆனால் இடம் மிஞ்சினால்தான். அதற்கும் வரிசை உண்டு. ஸோன் பிள்ளைகள் முதலில். அடுத்து, அதே பள்ளியில் அண்ணனோ அக்காவோ அப்போது படித்துக்கொண்டிருந்து, இருவரும் ஒரே முகவரியில் இருக்கும் பிள்ளைகள். அதன்பின், தங்கள் பள்ளியில் இல்லாத ஒரு பாடத்துக்காகக் கேட்பவர்கள். கடைசியாக மற்ற எல்லோரும், வீடு எவ்வளவு அருகில் என்ற வரிசையில். இந்த இரண்டாவது படியைக் கவனியுங்கள். மூத்தவரைச் சேர்த்த பிறகு ஸோனை விட்டு வீடு மாறினால் அவர் அங்கேயே தொடரலாம். ஆனால் இளையவருக்கு முன்னுரிமைதான் உண்டு, உத்தரவாதம் இல்லை. நிரம்பி வழியும் பள்ளியில் இது பெரிய வித்தியாசம்.

கிளென் வேவர்லி, பால்வின், மெக்கின்னன் போன்ற பேர்பெற்ற பள்ளிகளின் ஸோனுக்குள் ஒரு சின்ன யூனிட்டை வாடகைக்கு எடுத்து முகவரி காட்டலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். சட்டம் கேட்பது பிள்ளை உண்மையில் குடியிருக்கும் வீட்டை. வாடகை ஒப்பந்தம், மின்சார பில் எல்லாம் கேட்பார்கள், சந்தேகம் வந்தால் மேலும் கேட்பார்கள். பிள்ளையையும் அந்தப் பொய்யைச் சொல்ல வைக்க வேண்டியிருக்கும் என்பதுதான் எனக்குப் பிடிக்காத பகுதி.

அதைவிட, ஸோனே இல்லாத வழி ஒன்று இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் தேர்வெழுதிச் சேரும் நான்கு அரசுப் பள்ளிகளுக்கு முகவரி முக்கியமில்லை. அவற்றில் நாசல் பெரிக்கிலும் சுசான் கோரி வெரிபியிலும் இருக்கின்றன. இரண்டுமே வெளிப் புறநகர்தான். இதில் நம்மவர்கள் கவனிக்காத ஒரு விதி: பொதுவாக ஒரு பள்ளியின் எட்டாம் வகுப்பிலிருந்து 5 சதவீதத்துக்கு மேல் எடுப்பதில்லை. ஆக, பேர்பெற்ற ஸோனுக்குள் அடித்துப்பிடித்துப் போனால், அந்த 5 சதவீதத்துக்கான போட்டியும் அங்கேதான் கடுமையாக இருக்கும். தமிழ் வகுப்புக்கும் ஸோன் கவலை வேண்டாம். விக்டோரியன் ஸ்கூல் ஆஃப் லாங்குவேஜஸ் அரசின் மொழிப் பள்ளி. பிள்ளை எந்தப் பள்ளியில் படித்தாலும் அங்கே சேரலாம்.

பள்ளி எப்படி என்று பார்க்க 'மை ஸ்கூல்' தளம் போதும். நாப்ளான் என்ற தேசியத் தேர்வின் மதிப்பெண்ணோடு, மொத்த மாணவர் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு எப்படி ஏறியிருக்கிறது என்பதையும் பாருங்கள். நான் அதைத்தான் முதலில் பார்ப்பேன்.

தேதிகள்: ஏப்ரல் 30க்குள் ஐந்து வயது நிறையும் பிள்ளை அந்த ஆண்டு ப்ரெப் சேரலாம். விண்ணப்பத்தை முந்தைய ஆண்டு ஜூலை முடிவதற்குள் கொடுத்துவிடுங்கள். ஏழாம் வகுப்புக்கு, ஆறாம் வகுப்புப் படிக்கும்போதே மே மாதத்தில் விண்ணப்பம், அதே ஆண்டின் நடுவில் பதில். விருப்பப் பட்டியலில் ஸோன் பள்ளியையும் எழுதிவைக்க மறக்காதீர்கள். இடம் மறுத்தால் முதலில் அந்தப் பள்ளிக்கே எழுத்தில் முறையிட வேண்டும், அங்கேயும் இல்லையென்றால் கல்வித் துறையின் வட்டார அலுவலகத்துக்கு.

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு வேலைநாள் மதியம் மூன்றேகாலுக்கு அந்தப் பள்ளி வாசலுக்குப் போய் நில்லுங்கள். நாங்கள் போன அன்று, எஸ்டேட்டுக்குள் நுழையும் ஒரே சாலையில் கார்கள் ரவுண்டபவுட் வரைக்கும் நின்றன. வரைபடத்தில் அந்தச் சாலை மிக அகலமாக இருந்தது.