திராட்சைச் சாற்றில் பூட்டிக் கிடக்கும் மணம்

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஒயின் என்பது திராட்சையைப் புளிக்கவைத்துச் செய்வது, அவ்வளவுதான். ஆனால் சுவைத்துப் பார்த்து எழுதுகிறவர்கள் ஒன்றில் மிளகு மணக்கிறது என்கிறார்கள், இன்னொன்றில் குடைமிளகாய், வேறொன்றில் பேஷன் ஃப்ரூட். இதெல்லாம் சும்மா அளப்பதா, இல்லை உள்ளே ஏதாவது கலக்கிறார்களா?"

எதுவும் கலப்பதில்லை. அளப்பவர்களும் உண்டு, அவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஆனால் இந்த மூன்று மணங்களைப் பொறுத்தவரை எழுதியவர் சொன்னது நேரடியான உண்மை. கேபர்னே சாவிஞோன் ஒயினில் குடைமிளகாய் மணந்தால், அங்கே இருப்பது குடைமிளகாயை மணக்கவைக்கும் அதே ஐசோபியூட்டைல் மெத்தாக்சிபைரசீன்தான். லிட்டருக்குப் பத்துப் பதினைந்து நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். ஒரு நானோகிராம் என்றால் கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. பழம் பழுக்கப் பழுக்க, வெயில் படப் பட இந்தப் பொருள் குறைந்துகொண்டே போகும். அதனால் குடைமிளகாய் மணம் தூக்கலாக இருக்கும் கேபர்னேயை முகர்ந்தவுடன், ஒன்று குளிர்ந்த இடத்தில் விளைந்தது, இல்லையென்றால் சற்று முன்னதாகவே பறித்தது என்று ஓரளவு ஊகிக்கலாம்.

மிளகின் கதையும் அப்படித்தான். சிராஸ் ஒயினில் வரும் மிளகு மணத்துக்கு எது காரணம் என்று வெகுகாலம் பிடிபடவில்லை. 2008இல் ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனத்தினர் அதைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். பெயர் ரொட்டண்டோன். கருமிளகை மிளகாக மணக்கவைப்பதும் அதுவேதான். சிவப்பு ஒயினில் லிட்டருக்கு 16 நானோகிராம் இருந்தால் போதும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அவர்கள் சோதித்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு, அளவைப் பல மடங்கு கூட்டிக் கொடுத்தும், அந்த மணம் எட்டவே இல்லை. ஆகவே ஒரே குப்பியைப் பகிர்ந்துகொண்ட இருவர் மிளகு இருக்கிறது, இல்லை என்று சண்டை போட்டால் இருவருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

சரி, பள்ளிப் பாடத்தை வேகமாகக் கடந்துவிடுவோம். நாக்குக்குத் தெரிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி. மற்றதெல்லாம் மூக்கின் வேலை. மூக்கின் உச்சியில் மணத்தை உணரும் ஏற்பிகள் சுமார் 400 வகை இருக்கின்றன. அவற்றின் மரபணுக் குடும்பத்தை 1991இல் கண்டறிந்த லிண்டா பக்குக்கும் ரிச்சர்ட் ஆக்செலுக்கும் 2004இல் நோபல் பரிசு கிடைத்தது. பாடத்தில் அழுத்திச் சொல்லாமல் விட்ட ஒன்று, மூக்குக்கு இரண்டு வாசல்கள் என்பது. முன்வாசல் நாசித் துவாரம். பின்வாசல் வாயின் பின்புறத்திலிருந்து தொண்டை வழியாக மேலே ஏறுவது. விழுங்கியபின் மூச்சு விடும்போது மணமெல்லாம் இந்தப் பின்வாசல் வழியாகத்தான் போகிறது, நாமோ அதை நாக்கின் கணக்கில் எழுதிவிடுகிறோம். மூக்கை விரல்களால் இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு மிடறு குடித்துப் பாருங்கள். புளிப்பு தெரியும், கொஞ்சம் கசப்பு தெரியும், ஆல்கஹாலின் சூடு தெரியும், ஈறு வறளும், அவ்வளவுதான். அது என்ன ஒயின் என்றே சொல்ல முடியாது. விரலை எடுத்த நொடியில் பழம், பூ, மரம் என்று எல்லாம் ஒன்றாக ஏறிவரும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். பேஷன் ஃப்ரூட்.

சாவிஞோன் பிளாங் திராட்சையைப் பிழிந்து அந்தச் சாற்றை முகர்ந்து பார்த்தால் பெரிதாக ஒன்றும் மணக்காது. அதே சாறு புளித்து ஒயினானதும் கிரேப்ஃப்ரூட், பேஷன் ஃப்ரூட், பச்சைத் தழை என்று கமகமக்கிறது. எங்கிருந்து வந்தது? ஈஸ்ட் புதிதாகத் தயாரித்ததா, பழத்திலேயே இருந்ததா? 1990களில் பிரான்ஸின் போர்தோவில் தெனி துபுர்தியூவும் தகடோஷி தொமினாகாவும் அவர்கள் குழுவினரும் இதை அவிழ்த்தார்கள். மணத்துக்குக் காரணம் தயோல்கள் எனப்படும் கந்தகச் சேர்மங்கள். கிரேப்ஃப்ரூட் மணத்தைத் தருவது மெர்காப்டோஹெக்சனால். அதன் அசிட்டேட் வடிவம் பேஷன் ஃப்ரூட். தயோல் பழத்திலேயே இருக்கிறது, ஆனால் பூட்டிய நிலையில். தயோலின் கந்தக அணுவில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒட்டியதும் மூலக்கூறு கனமாகிவிடும், மின்னேற்றம் ஏறிவிடும், நீரை விட்டு வெளியே வராது. ஆவியாகாத பொருள் மூக்குக்குப் போய்ச் சேராது. மூக்குக்குப் போகாதது, எவ்வளவு இருந்தாலும், மணக்காது.

சாற்றில் ஈஸ்ட் விழுகிறது. வளர அதற்கு நைட்ரஜன் வேண்டும், அமினோ அமிலங்களில் நைட்ரஜன் இருக்கிறது. சிஸ்டீனைச் சுமந்து வரும் இந்த மூலக்கூறும் அதன் கண்ணுக்கு அமினோ அமிலமாகத் தெரிவதால், அதையும் செல்லுக்குள் இழுத்துக்கொள்கிறது. உள்ளே பீட்டா லையேஸ் என்ற நொதி சரியாகக் கார்பனுக்கும் கந்தகத்துக்கும் நடுவிலுள்ள பிணைப்பில் வெட்டுகிறது. ஒரு பக்கம் அம்மோனியாவும் பைருவேட்டும் கிடைக்கின்றன, ஈஸ்டுக்கு வேண்டியது அது. மறுபக்கம் கழன்றுவிழும் தயோல் வெளியே வந்துவிடுகிறது. அதில் ஒரு பகுதியை ஈஸ்ட் அசிட்டேட்டாகவும் மாற்றுகிறது. நாம் உயர்த்திப் பேசும் அந்த மணம், ஈஸ்டின் கணக்கில், சாப்பிட்டுவிட்டுத் தூக்கிப்போட்ட மிச்சம். இன்னொன்றும் கவனியுங்கள். எளிதில் கிடைக்கும் நைட்ரஜனைத் தொடக்கத்திலேயே அள்ளிக் கொடுத்துவிட்டால் ஈஸ்ட் இந்தச் சிரமமான வேலையைத் தள்ளிப்போட்டுவிடும், மணமும் குறையும். ஒயின் செய்பவர்கள் எப்போது என்ன ஊட்டம் போடுவது என்று அவ்வளவு யோசிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தப் பூட்டு திராட்சையோடு நிற்கவில்லை. மனித வியர்வை சுரந்தவுடன் கிட்டத்தட்ட மணமற்றதுதான். அக்குளில் வாழும் பாக்டீரியா, சிஸ்டீன் ஒட்டிய ஒரு முன்பொருளை வெட்டித் தயோலை விடுவிப்பதும் அந்த நெடிக்கு ஒரு காரணம். ஆண் பூனையின் சிறுநீரில் ஃபெலினின் என்று ஒரு பொருள் உண்டு, அதுவும் சிஸ்டீனைச் சுமப்பது, அது சிதைந்துதான் அந்த வாடை வருகிறது. சில சாவிஞோன் பிளாங் ஒயின்களை முகர்ந்து 'பூனை மூத்திரம்' என்று எழுதுகிறவர்களை நாகரிகமில்லாதவர்கள் என்று நினைக்கவேண்டாம். ஒயினில் இருக்கும் மெர்காப்டோ மெத்தில் பென்டனோனும் பூனையின் தயோலும் நெருங்கிய உறவுக்காரர்கள். அவர்கள் மூக்கு வேதியியலைச் சரியாகப் படித்திருக்கிறது.

அக்குள் வியர்வையின் முன்பொருளை ஆராய்ந்த கிறிஸ்டியன் ஸ்டார்கென்மானும் அவர் குழுவினரும் ஜெனீவாவில் ஃபிர்மெனிஷ் என்ற வாசனைப்பொருள் நிறுவனத்தில் இருந்தார்கள். அக்குளில் பாக்டீரியா செய்வதை வாயிலுள்ள பாக்டீரியா செய்யாதா என்பது இயல்பாக அடுத்து வரும் கேள்வி. 2008இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், திராட்சை, வெங்காயம், குடைமிளகாய் ஆகியவற்றில் இருக்கும் இந்தப் பூட்டிய மூலக்கூறுகளைத் தனியே எடுத்து, பயிற்சி பெற்றவர்கள் வாயில் வைத்துப் பார்த்தார்கள். முதலில் ஒன்றுமில்லை. 20, 30 வினாடி கழித்து மணம் மெல்ல எழுந்தது, மூன்று நிமிடம் வரைக்கும் நின்றது. உமிழ்நீரிலிருந்து நுண்ணுயிர்களை நீக்கிவிட்டால் எதுவும் நடக்கவில்லை. ஆக வெட்டியது வாயின் பாக்டீரியாதான்.

இதைப் படித்த பிறகு ஒயின் சுவைக்கும் விதமே எனக்கு மாறிவிட்டது. ஈஸ்ட் தன் வேலையை முடித்த பிறகும் பூட்டிய மூலக்கூறுகளில் பெரும்பகுதி ஒயினிலேயே திறக்கப்படாமல் எஞ்சி நிற்கிறது. ஒரு மிடறு குடித்தபின் (அல்லது துப்பியபின், ஏனென்றால் வாயில் படிந்தது போதும்) உதட்டை மூடி, மூக்கு வழியாக நிதானமாக மூச்சு விட்டபடி அரை நிமிடம் சும்மா இருங்கள். முதலில் வந்த மணம் அடங்கி, வேறொன்று பின்வாசல் வழியாக ஏறி வரலாம். அது வருவதற்குள் நோட்டில் எழுத ஆரம்பித்துவிட்டால், அந்த ஒயினைப் பாதிதான் சுவைத்தீர்கள்.

வியர்வை நாற்றத்தை ஆராய்ந்தவர்கள் திராட்சையின் ரகசியத்தைத் தொட்டது எனக்கு ஒன்றை உறுதியாகச் சொல்கிறது: 'இதனால் என்ன பயன்' என்று முதல் நாளே கேட்டு நிதி ஒதுக்குவது அறிவியலுக்குக் கேடு. ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்துச் செய்யும் சைடரில் இதற்கு வருத்தமான உதாரணம் ஒன்று உண்டு. இங்கிலாந்தின் பிரிஸ்டலுக்கு அருகில் 1903இல் தேசியப் பழ, சைடர் நிறுவனமாகத் தொடங்கி, லாங் ஆஷ்டன் ஆராய்ச்சி நிலையம் என்று பெயர் பெற்ற இடம் அது. சைடர் ஆப்பிள்களை அமிலம் 0.45 சதவீதம், துவர்ப்பையும் கசப்பையும் தரும் டானின் 0.2 சதவீதம் என்ற இரண்டு கோடுகளால் நான்காகப் பிரித்தது அங்கே இருந்த பார்க்கர். இரண்டும் கூடியது கசப்புப் புளிப்பு, கிங்ஸ்டன் பிளாக் அந்த வகை. டானின் மட்டும் கூடியது கசப்பு இனிப்பு, டாபினெட் அந்த வகை. அமிலம் மட்டும் கூடினால் புளிப்பு, இரண்டும் குறைந்தால் இனிப்பு. இன்றும் சைடர்காரர்கள் பேசுவது இந்தப் பாஷைதான்.

டாபினெட் ஆப்பிளைக் கடித்தால் இனிப்பு தெரியும், உடனே வாய் உலர்ந்து கன்னம் உள்ளே இழுக்கும். அறுசுவையில் ஒன்றாக நாம் எண்ணும் இந்தத் துவர்ப்பு பெரும்பாலும் ஒரு தொடுவுணர்ச்சி. உமிழ்நீரில் புரோலின் நிறைந்த புரதங்கள் இருக்கின்றன, வாயை வழுக்கலாக வைத்திருப்பதில் அவற்றுக்குப் பங்குண்டு. டானின் அவற்றைப் பிடித்துத் திரியவைத்துவிடும், வழுக்கல் போய்விடும், நாக்கு கன்னத்தில் உரசும். ஆப்பிளின் டானின் சின்னச் சின்ன அலகுகள் கோத்த சங்கிலி. சங்கிலி குட்டையாக இருந்தால் கசப்பு மேலோங்கும், நீளநீளத் துவர்ப்பு மேலோங்கும் என்று அதே லாங் ஆஷ்டனில் ஆண்ட்ரூ லீ காட்டினார். ஒரு சைடரைக் 'கடினமானது', இன்னொன்றை 'மென்மையானது' என்று பிரித்துச் சொல்லும்போது நாம் தொட்டுக் காட்டுவது இந்த நீளத்தைத்தான். இப்படிப்பட்ட நிலையத்தை 2003இல் மூடிவிட்டார்கள், சரியாக நூறு ஆண்டு. பழ மரத்தின் ஆராய்ச்சிக்குப் பல பத்தாண்டு பொறுமை வேண்டும், அதை வரவுசெலவுத் திட்டத்தின் கால அளவில் அளந்தால் எந்த மரமும் தேறாது.

இப்போது அளப்பவர்களிடம் வருவோம். கலவையான மணத்திலிருந்து மூன்று நான்கு மணங்களுக்கு மேல் தனித்தனியே பிரித்துச் சொல்ல மனிதர்களால் பெரும்பாலும் முடியாது. பயிற்சி பெற்றவர்களும் இதில் அதிகம் முன்னேறவில்லை என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஒரே கிளாஸில் பன்னிரண்டு பழமும் மூன்று பூவும் அடுக்கும் வர்ணனையை நான் நம்புவதில்லை. கண்ணும் மூக்கை ஏமாற்றும். போர்தோவில் ஒயின் படித்த 54 மாணவர்களிடம் வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்பு நிறம் கலந்து கொடுத்தபோது, அவர்கள் சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களை எடுத்து எழுதினார்கள். 2001இல் வெளியான ஆய்வு அது. நிறம் தெரியாத கறுப்புக் கிளாஸில் முதலில் முகர்ந்து எழுதிவிட்டு, பிறகு நிறம் பார்ப்பது நேர்மையான வழி.

அப்புறம் நிலா நாட்காட்டி. சந்திரன் எந்த ராசியில் இருக்கிறது என்று பார்த்து, இது 'பழ நாள்', ஒயின் நன்றாக இருக்கும், இது 'வேர் நாள்', குடிக்காதே என்று அச்சடித்து விற்கிறார்கள், பெரிய வியாபாரிகளே அதைப் பார்த்து நாள் குறிக்கிறார்கள். நியூசிலாந்தில் 19 ஒயின் தொழில்முறையாளர்கள் 12 பினோ நுவார் ஒயின்களை இரண்டு வகை நாட்களிலும், எது எந்த ஒயின் என்று தெரியாமல், சுவைத்துப் பார்த்தார்கள். வித்தியாசமே இல்லை என்று 2017இல் முடிவு வெளியானது. சோதிடம் கண்ணாடிக் கிளாஸுக்குள் வந்தாலும் சோதிடம்தான், அதை மரியாதையாக ஒதுக்கக்கூட வேண்டியதில்லை.

வர்ணிக்கப் பழக விரும்புகிறவர்களுக்கு நல்ல வழி, கலிஃபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்தின் ஆன் நோபிளும் அவர் குழுவினரும் 1984இல் வெளியிட்ட மணச் சக்கரம். நடுவில் பழம், மூலிகை, மசாலா என்று பெரிய குடும்பங்கள், வெளியே போகப் போகத் தனித்தனி மணங்கள். முதலில் குடும்பத்தைப் பிடியுங்கள், பிறகு தனி மணத்துக்குப் போங்கள். சந்தேகம் இருந்தால் அவர்கள் செய்தபடியே செய்யுங்கள்: பெரிதாக மணமில்லாத ஒயினை இரண்டு கிளாஸில் ஊற்றி, ஒன்றில் மட்டும் குடைமிளகாய்த் துண்டு ஒன்றைப் போட்டுச் சற்று நேரம் மூடிவைத்துவிட்டு மாறி மாறி முகருங்கள். அந்த மணம் அப்புறம் மறக்காது. கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றவேண்டாம், சுழற்ற இடம் வேண்டும். தொடர்ந்து முகர்ந்தால் மூக்கு மரத்துவிடும், இடையில் ஒரு நிமிடம் விடுங்கள்.

ஒரு குப்பியைத் திறந்து எவ்வளவு சுழற்றியும் எதுவுமே மணக்கவில்லை, ஈர அட்டை மாதிரி ஏதோ லேசாக இருக்கிறது என்றால் மூக்கைக் குறை சொல்லவேண்டாம். அது டிரைகுளோரோ அனிசோலாக இருக்கும். கார்க்கிலிருந்து வரும் இந்தப் பொருளை 1981இல் சுவிட்சர்லாந்தில் ஹான்ஸ் டேனர் அடையாளம் கண்டார். லிட்டருக்குச் சில நானோகிராமே போதும். தன் நெடியால் மற்றவற்றை மறைப்பதோடு அது நிற்பதில்லை. மணம் உணரும் செல்களில் அயனிகள் நுழையும் வாயில்களையே அது அடைத்துவிடுகிறது என்று 2013இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதே ஒயினின் வேறொரு குப்பியைத் திறந்து பக்கத்தில் வைத்து முகர்ந்தால் தெரிந்துவிடும்.