மாணிக்கத்தின் பங்காளி: செராமிக் கல் கத்தியைத் தீட்டுவது எப்படி?

ரங்கூன் டீக்கடையில் குடித்து முடித்த கோப்பையைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் ஒரு வளையம் மட்டும் பளபளப்புப் பூச்சு இல்லாமல் சொரசொரவென்று இருக்கும். அவசரத்துக்கு அதில் கத்தியை நாலு இழுப்பு இழுத்துவிட்டு வெங்காயம் நறுக்காத வீடு நம்மில் குறைவு. கடையில் விலை கொடுத்து வாங்கும் செராமிக் சாணைக்கல்லும் இதே குடும்பம்தான். சரக்கு மட்டும் வேறு. களிமண்ணுக்குப் பதில் அலுமினியம் ஆக்சைடு.

பர்மாவில் இருப்பவர்களுக்கு அது புதிய பொருளே அல்ல. மாண்டலேவுக்கு வடக்கே மோகோக்கில் தோண்டியெடுக்கும் மாணிக்கமும் நீலக்கல்லும் அலுமினியம் ஆக்சைடுதான். இரண்டுக்கும் பொதுப்பெயர் குருந்தம். துளி குரோமியம் கலந்தால் சிவப்பு. இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம். கலப்படம் இல்லாவிட்டால் நிறமே இருக்காது. கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் குருந்தத்துக்கு 9, வைரத்துக்கு 10. விக்கர்ஸ் என்ற இன்னொரு கடினக் கணக்கில் குருந்தம் ஏறக்குறைய 2,000. நன்றாகக் காய்ச்சித் தோய்த்த சவரக்கத்தி எஃகு 700, 800 வாக்கில் நின்றுவிடும். ஆக, கல் எஃகைக் கீறும். எஃகால் கல்லைக் கீற முடியாது.

ஆனால் கடினம் பாதிக் கதைதான். குருந்தத் துகள்களைச் சேர்த்துப் பிடித்து வைத்திருப்பது எது என்பதில்தான் கல்லின் குணம் இருக்கிறது. பழைய காலத்துச் சாணைச் சக்கரத்தில் குருந்தப் பொடியை அரக்கு பிடித்து வைத்திருந்தது. தண்ணீர் விட்டுத் தேய்க்கும் இன்றைய ஜப்பானிய நீர்க்கற்களில் பல, செராமிக் என்று பெயர் போட்டு விற்றாலும், உள்ளே இருப்பது பொடியும் அதைப் பிணைக்கும் பசையும்தான். தேய்க்கத் தேய்க்கப் பசை விட்டுக்கொடுக்கும், மழுங்கிய துகள் உதிரும், அடியிலிருந்து புதுத்துகள் தலைகாட்டும். அதனால் வேகமாக வெட்டும். கல்லின் நடுவில் பள்ளம் விழுவதும் அதனால்தான்.

முழுச் செராமிக் கல்லில் பசையே கிடையாது. நுண்ணிய பொடியை அழுத்தி 1,600 டிகிரி செல்சியஸ் அளவில் சுடுகிறார்கள். துவாந்தேயில் பானை சுடும் சூளைகளுக்கு எட்டாத சூடு அது. அலுமினியம் ஆக்சைடு உருக 2,072 டிகிரி வேண்டும் என்பதால் பொடி உருகாது. துகளும் துகளும் தொடும் இடத்தில் அணுக்கள் நகர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இப்படிச் சுட்ட கல்லில் துகள் லேசில் உதிராது. பல வருடம் தேய்த்தாலும் கல் தட்டையாகவே இருக்கும். ஊறவைக்க வேண்டாம், எண்ணெய் வேண்டாம்.

உதிராத குணத்துக்கு ஒரு விலை உண்டு. மேலே இருக்கும் துகள் மழுங்கினால் அதுவேதான் அங்கே கிடக்கும். கல் மெல்ல வழவழப்பாகிவிடும். அரைத்த எஃகும் துளைகளில் போய் அடைத்துக்கொள்ளும். வெள்ளைக் கல்லில் நாலைந்து முறை கத்தியை இழுத்தாலே சாம்பல் நிறத்தில் கோடு கோடாகத் தெரிவது அந்த எஃகுதான். பாத்திரம் துலக்கும் பவுடர் போட்டுத் தேய்த்தால் போய்விடும். மழுங்கியதைச் சரிசெய்ய வைரத் தகடுதான், அதாவது வைரப்பொடி பதித்த தகடுதான், வேண்டும். இன்னொன்று: நீர்க்கல்லின் நயத்தைத் துகளின் அளவு தீர்மானிக்கும். 1000 எண் கல்லில் துகள் 12 முதல் 15 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), 8000 எண் கல்லில் ஒரு மைக்ரானுக்குச் சற்று மேல். முழுச் செராமிக்கிலோ மேற்பரப்பை எவ்வளவு இழைத்திருக்கிறார்கள் என்பதே பெரிதும் தீர்மானிக்கிறது. அதனால் இந்தக் கல்லின் மேல் போட்டிருக்கும் எண்ணை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

சவரக்கத்திக்கு வருவோம். இன்று பெரும்பாலான சலூன்களில் பாதி பிளேடை மாட்டும் கத்திதான். ஒருவர் ரத்தம் இன்னொருவருக்குப் போகக்கூடாது என்பதால் அதுதான் சரியும்கூட. மடக்கு சவரக்கத்தி சில பழைய கைகளிடமும் ஆசைக்காகச் சொந்தமாக வைத்திருப்பவர்களிடமும் மட்டும் இருக்கிறது. அதைத் தீட்டக் கோணம் பார்க்க வேண்டியதில்லை. கத்தியின் முதுகே கோணத்தை வைத்துக் கொடுக்கிறது. அகலம் 18 மில்லிமீட்டர், முதுகின் தடிமன் 5 மில்லிமீட்டர் என்றால், முதுகும் வாயும் கல்லில் படும்படி படுக்கவைத்தால் வாயின் மொத்தக் கோணம் 16 டிகிரி. வாய் தேய்ந்தால் முதுகும் கூடவே தேயும் என்பதால் கோணம் பெரிதாக மாறாது. சமையல் கத்திக்கு மொத்தம் 30 முதல் 40 டிகிரி. அதைக் கைதான் பிடித்து நிறுத்த வேண்டும். கை தடுமாறுகிறதா என்று பார்க்க, வாயோரம் மார்க்கர் பேனாவால் மை பூசிவிட்டு இரண்டு இழுப்பு இழுங்கள். மை போன இடத்தில்தான் கல் படுகிறது.

வாய் முன்னே போகும்படி தள்ளி, கோடியில் முதுகின் மேல் புரட்டித் திருப்புவதுதான் சவரக்கத்திக்கு முறை. காளி கோயில் பக்கத்துப் பழைய சலூன்காரர் ஒருவர் சொல்வார்: "அமுக்காதே தம்பி, கத்தி தன் கனத்துலயே போகட்டும்." அதற்குக் காரணம் இருக்கிறது. வாயோரம் எஃகு அவ்வளவு மெல்லிசு. அழுத்தினால் கல்லைவிட்டு மேல்நோக்கி வளையும். அப்புறம் நாம் தேய்ப்பது வாயை அல்ல, அதற்குப் பின்னால் உள்ள இடத்தை. சமையல் கத்தியில் மறுபக்கம் பிசிறு எழுந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். சவரக்கத்தியில் பிசிறு எழுந்தால் தேவைக்கு மேல் தேய்த்துவிட்டோம்.

தக்காளித் தோலைக் கீற, கண்ணுக்குத் தெரியாத பல் கொஞ்சம் இருப்பது நல்லது. அதற்கு நடுத்தரக் கல் போதும். கன்னத்தில் அந்தப் பல் எரியும். அதனால் சவரக்கத்தியை 1000, 4000, 8000 என்று ஏற்றி, கடைசியில் இழைத்த செராமிக்கில் ஒரு சில இழுப்பு இழுத்து, தோல்வாரில் முதுகு முன்னே போகும்படி தடவுவார்கள். வாயில் சில்லு பெயர்ந்த கத்தியை முதலிலேயே செராமிக்கில் வைப்பது வீண் வேலை. பொழுது போகும், பள்ளம் போகாது.

இவ்வளவு தீட்டியதை மழுக்குவது வெறும் முடி. சவர பிளேடின் எஃகு முடியைவிட 50 மடங்கு கடினம். ஆனாலும் முடி சாய்வாக வந்து மோதும்போது, எஃகு ஒரே சீராக இல்லாத இடத்தில் சில்லு பெயர்கிறது என்று அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் 'சயின்ஸ்' இதழில் காட்டினார்கள்.

வனேடியம் அதிகம் சேர்த்த விலை உயர்ந்த கத்திகள் மட்டும் இந்தக் கல்லுக்கு மசியாது. வனேடியமும் கார்பனும் சேர்ந்து எஃகுக்குள் உண்டாகும் வனேடியம் கார்பைடு துகள் குருந்தத்தைவிடக் கடினம். கல் அதைச் சுற்றியுள்ள எஃகை அரிக்குமே தவிர கார்பைடைத் தொடாது. அங்கே வைரத் தகடுதான்.

ரங்கூனில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,700 மில்லிமீட்டர் மழை, அநேகமாக எல்லாம் மே முதல் அக்டோபருக்குள். தீட்டிய கார்பன் எஃகு வாயின் தடிமன் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. ஓர் இரவுத் துருவே அதைத் தின்றுவிடும். துடைத்துக் காயவைத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரு துளி தடவி வையுங்கள். கடலை எண்ணெய் நாளாவட்டத்தில் பிசுக்காகும்.