‘பாதி மர வீடு’ வேண்டாம்

இங்கிலாந்தின் பழைய பண்ணை வீடுகளைப் பற்றித் தமிழில் எது வந்தாலும் ‘பாதி மர வீடு’ வந்துவிடுகிறது. ‘ஹாஃப் டிம்பர்ட்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததால் வந்த வினை. படிக்கிறவர் கீழே கல், மேலே மரம் என்றுதானே நினைப்பார்?

‘டிம்பர்’ நம் ஊர் மரக்கடைப் பலகைகளில் இருக்கும் சொல்தான். பழைய ஆங்கிலத்தில் அதற்குக் கட்டடம் என்று பொருள். அறையைக் குறிக்கும் ஜெர்மன் ‘ட்ஸிம்மர்’ அதற்கு உறவு. ‘ஹாஃப்’ ஏன் என்பதற்கு இரண்டு விளக்கம் உண்டு: சுவரில் மரம் பாதி, மண் பாதி என்பது ஒன்று, மரத்தை நெடுக்காகப் பிளந்து வைத்ததால் என்பது மற்றொன்று. எதுவானாலும் வீட்டைத் தாங்குவது எது என்பதை அது சொல்லவில்லை.

தாங்குவது சட்டகம். பச்சை ஓக் மரத்தில் தூணும் உத்தரமும் செதுக்கி, ஒரு மரத்தின் துளையில் மற்றதன் நுனியில் செதுக்கிய கழுந்தைச் செருகி, ஓக் முளை அடித்து இறுக்குவார்கள். எந்தக் கழுந்து எந்தத் துளைக்கு என்று தச்சர் கீறிவைத்த ரோமன் எண்களை இன்றும் பல வீடுகளில் பார்க்கலாம். இடைவெளிகளில் குச்சி பின்னி, களிமண்ணும் வைக்கோலும் சாணமும் குழைத்து அப்புவார்கள். அந்த மண் பாரம் சுமப்பதில்லை. கென்ட்டில் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய ‘பேலீஃப்’ பண்ணை வீடு நீர்த்தேக்கத்துக்குள் போகவிருந்தபோது, 1960களின் இறுதியில் அதைப் பிரித்து, மேற்கு சசெக்ஸின் சிங்கிள்டனில் மறுபடி நிறுத்தினார்கள். முளையைத் தட்டினால் கழன்றுவரும் சட்டகம் என்பதால்தான் அது முடிந்தது. ‘பாதி மரம்’ என்பதிலிருந்து இதை யாரால் ஊகிக்க முடியும்?

ஆகவே, மரச்சட்டக வீடு. ‘மர வீடு’ என்று சுருக்கினால் பலகைச் சுவர் வீடு ஆகிவிடும்.

சட்டகத்தைப் பூச்சுக்குள் மறைத்த வீடுகளும் உண்டு, வெளியே தெரிவதைப் பிரித்துக்காட்ட ‘பாதி’ வேண்டும் என்கிறார்கள். ‘பாதி’ அதையும் காட்டவில்லையே! ‘சட்டகம் வெளியே தெரியும் வீடு’ என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? ஒரு சொல்லுக்கு ஒரே சொல்தான் ஈடாக வேண்டும் என்ற பிடிவாதம் இந்த மாதிரி அரைகுறைகளைத்தான் பெற்றுத் தருகிறது.

இதே ஆட்கள் குச்சி பின்னி மண் அப்பிய சுவருக்கு மட்டும் தமிழே தேடுவதில்லை. ‘வாட்டில் அண்ட் டாப்’ என்று அப்படியே விட்டுவிடுகிறார்கள். வரிச்சு கட்டி மண் வைத்த வீட்டில் பிறந்து வளர்ந்தவர்கள் இலங்கையில் இன்னும் இருக்கிறார்கள். வரிச்சுச் சுவர் என்று எழுதியிருந்தால் அவர்களுக்கு விளக்கமே வேண்டியிருக்காது.