சீல் மேல் பழி போடுமுன் பிரீதரைப் பாருங்கள்

பழைய அம்பாசடர் வைத்திருப்பவர்களிடம் பின் ஆக்சிலில் ஆயில் ஒழுகுவதைப் பற்றிக் கேட்டால் இரண்டு பதில்தான் வரும். "பழைய வண்டின்னா ஒழுகத்தான் செய்யும்" என்பது ஒன்று. "போன வருசம்தான் சீல் மாத்துனேன், மறுபடி ஒழுகுது" என்பது இன்னொன்று. முதலாவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இரண்டாவது உண்மைதான், ஆனால் குற்றவாளி பல நேரம் ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையமான அந்தச் சீல் இல்லை. அதிலும் தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, பாம்பன் தாண்டி ராமேசுவரம் என்று கடலை ஒட்டியே ஓடும் வண்டிகளில் முதலில் சந்தேகப்பட வேண்டியது பின் ஆக்சிலை மூடியிருக்கும் இரும்புக் கூடான ஹவுசிங்கின் மேல்பக்கம் உட்கார்ந்திருக்கும் பிரீதர் என்கிற, காற்றுப் போகவர வழிவிடும் ஒரு சின்னச் சாமான்.

அந்த ஹவுசிங்குக்குள் நடப்பது இதுதான். முன்பக்கமிருந்து வரும் நீளத் தண்டான புரோப்பல்லர் ஷாஃப்ட் சுற்றும் சுற்று, பினியன் என்கிற சின்னப் பல்சக்கரம் வழியாக உள்ளே வந்து கிரவுன் வீல் என்கிற பெரிய பல்சக்கரத்தைத் திருப்புகிறது. அம்பாசடர் 1958 முதல் 2014 வரை உத்தர்பாராவில் தயாரான வண்டி, மூலம் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு 3 என்கிற பிரிட்டிஷ் கார். அதில் இருப்பது ஹைப்பாய்டு வகைப் பல்சக்கரம், அதாவது பினியன் கிரவுன் வீலின் மையத்துக்கு நேராக இல்லாமல் சற்றுக் கீழே இறங்கியிருக்கும். இதனால் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருள்வதோடு வழுக்கவும் செய்கின்றன. வழுக்கினால் சூடு. அதனால்தான் கந்தகமும் பாஸ்பரஸும் சேர்ந்த கெட்டியான 90 நம்பர் கியர் ஆயில் ஊற்றுகிறோம், அந்த நாற்றமும் அதனால்தான்.

இப்போது கொஞ்சம் கணக்கு. காலையில் 30 டிகிரியில் இருக்கும் ஹவுசிங் காற்று, நல்ல வெயிலில் ராமநாதபுரம் வரை அழுத்தி ஓட்டினால் 80 டிகிரிக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். கெல்வினில் அது 303-லிருந்து 353. அடைபட்ட காற்றின் அழுத்தமும் அதே விகிதத்தில், அதாவது சுமார் 16 சதவீதம், ஏறும். இந்த அழுத்தம் வெளியேறத்தான் பிரீதர். அது அடைத்துவிட்டால் காற்று வேறு வழி தேடும்: பினியன் நுழையும் இடத்துப் பினியன் சீல், இரண்டு பக்கச் சக்கரத்தருகே இருக்கும் ஹப் சீல், டிஃபரன்ஷியல் என்கிற பல்சக்கரத் தொகுதியை ஹவுசிங்கோடு சேர்க்கும் பேக்கிங். எது பலவீனமோ அங்கே ஆயிலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். நாம் அந்த இடத்துச் சீலை மாற்றுவோம், அடுத்த மாதம் இன்னொரு இடத்தில் ஒழுகும்.

கடற்கரையில் பிரீதர் ஏன் சீக்கிரம் அடைக்கிறது? மணல் ஒரு காரணம், தனுஷ்கோடி ரோட்டில் காற்று வீசுகிற நாளில் மணல் ரோட்டையே மூடும், அதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பெரிய காரணம் உப்பு. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு இன்னும் மோசம், 33 சதவீதத்திலேயே கசிய ஆரம்பிக்கும். நம் கரையில் ஈரப்பதம் அதற்குக் கீழே இறங்குவதே அபூர்வம், ஆக வண்டி அடியில் ஒட்டிய உப்பு மழையே பெய்யாவிட்டாலும் ஈரமாகவே இருந்து இரும்பைத் தின்றுகொண்டிருக்கும். பிரீதரின் மூடி லேசாக ஆட வேண்டும். விரலால் திருகிப் பாருங்கள், அசையவில்லை என்றால் துருப்பிடித்து இறுகிவிட்டது. கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்து ஊதிப் பார்க்கலாம், இல்லாவிட்டால் புதிதாகப் போடலாம்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. சூடான ஹவுசிங்கோடு தேங்கிய கடல் தண்ணீரில் இறங்கினால் உள்காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும். உள்ளே 4 லிட்டர் காற்று இருந்தால், 80-லிருந்து 30 டிகிரிக்கு வரும்போது அரை லிட்டருக்கு மேல் குறையும், அந்த இடத்தை நிரப்ப வெளியிலிருந்து எது கிடைக்கிறதோ அதை இழுத்துக்கொள்ளும். டிரெயின் நட்டைத் திறக்கும்போது ஆயில் மோர் மாதிரி வெளுத்து வந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, அந்த ஆயிலோடு ஒரு நாள்கூட ஓட்டாதீர்கள்.

சரி, பிரீதர் சுத்தமாக இருந்தும் ஒழுகுகிறது என்றால் சீலுக்கு வருவோம். ஆயில் சீல் ஷாஃப்டை இறுக்கிப் பிடித்து ஆயிலைத் தடுக்கிறது என்றுதான் நாம் நினைக்கிறோம், ஆனால் ஷாஃப்ட் சுற்றும்போது அதன் உதடு, அதாவது ரப்பரின் உள்விளிம்பு, உலோகத்தைத் தொடுவதே இல்லை என்று சொல்லிவிடலாம். நடுவில் சுமார் ஒரு மைக்ரான் தடிமனில் ஆயில் படலம் இருக்கும், அது இல்லாவிட்டால் ரப்பர் கருகிவிடும். உதட்டின் ஆயில் பக்கச் சரிவு செங்குத்தாகவும் வெளிப்பக்கச் சரிவு படுத்தும் இருக்கும். ஷாஃப்ட் சுற்றும்போது இந்த வித்தியாசமும் ரப்பரின் நுண்ணிய சொரசொரப்பும் சேர்ந்து, வெளியே வரப் பார்க்கும் ஆயிலை உள்ளே திருப்பித் தள்ளுகின்றன. அதாவது சீல் ஒரு குட்டி பம்ப். திருப்பி மாட்டினால் அது வெளிப்பக்கம் பம்ப் செய்யும்! உள் அழுத்தம் ஏறினாலோ உதடு ஷாஃப்டின் மேல் அழுந்தி, சூடாகி, கட்டையாகி வெடிக்கும். மறுபடியும் பிரீதர்தான்.

புதுச் சீல் போடுமுன் அது உட்காரும் பரப்பை நகத்தால் வருடுங்கள். பினியன் முனையில் மாட்டியிருக்கும் ஃபிளேஞ்சில் வட்டமாக ஒரு கோடு நகத்தில் தட்டுப்பட்டால், அல்லது உப்பு அரித்த சின்னக் குழிகள் இருந்தால், எந்தச் சீலும் நிற்காது. அதன்மேல் மெல்லிய உலோக உறை (ஸ்லீவ்) ஏற்றலாம், இல்லை சீலைக் கொஞ்சம் தள்ளி உட்காரவைத்து உதடு புது இடத்தில் படும்படி செய்யலாம். உதட்டில் ஆயில் தடவி, பழைய பேரிங் வளையம் மாதிரி அகலமான ஒன்றை வைத்து நேராகத் தட்டி ஏற்றுங்கள். பினியன் நட்டைக் கழற்றுமுன் நட்டுக்கும் ஷாஃப்டுக்கும் சென்டர் பஞ்ச் உளியால் தட்டிக் குறி போட்டுவிடுங்கள். திரும்ப முரட்டுத்தனமாக இறுக்கினால் பேரிங்கின் பிடிமானம் மாறி, ஒழுகலுக்குப் பதிலாக ஊளைச் சத்தம் கிடைக்கும்.

வீல் உள்பக்கம் நனைந்திருந்தால் அது 90 ஆயிலா பிரேக் ஆயிலா என்று மோந்தும் விரலில் தேய்த்தும் பாருங்கள். கெட்டியாக, கந்தக வாடையோடு இருந்தால் ஹப் சீல். அப்போது பிரேக் ஷூ ஆயிலில் ஊறியிருந்தால் பெட்ரோலில் கழுவி மறுபடி மாட்டுகிற சிக்கனம் வேண்டாம், சூடானதும் உள்ளே போன ஆயில் மேலே வரும், ஒரு பக்கம் மட்டும் பிரேக் பிடிக்கும். பாம்பன் பாலத்தில் அது வேண்டாத விளையாட்டு.

ஆயிலை வண்டி சமதரையில் நிற்கும்போது ஊற்றும் வாயான ஃபில்லர் ஓட்டையின் கீழ் விளிம்பு வரைக்கும்தான் ஊற்ற வேண்டும், பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிக்கொண்டு ஊற்றினால் அளவு தப்பும், அதிகமானதும் ஒழுகும். அப்புறம், தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனைப் பக்கம் அடிக்கடி போகிறவர்கள் பிரீதர் இடத்தில் டியூப் மாட்டும் முனையான ஒரு நிப்பிள் போட்டு, ஆயில் தாங்கும் டியூப் ஒன்றை டிக்கி வரை மேலே கொண்டுபோய், வாயைக் கீழ்நோக்கி வளைத்துக் கட்டிவிடலாம். பட்டை ஸ்பிரிங் ஏறி இறங்கும்போது இழுபடாத அளவுக்கு டியூபில் தொய்வு விடுங்கள்.