எலுமிச்சைக்கு ரசாயன உரத்தை விட்டு எருவா? மானியம் கேட்டுப் போகுமுன்

2015-ல் மத்திய அரசு கொண்டுவந்த பரம்பராகத் கிருஷி விகாஸ் யோஜனாவில் இயற்கை முறைக்கு மாற ஹெக்டேருக்கு 31,500 ரூபாய் என்பார்கள். அது மூன்று வருஷத்துக்கான மொத்தம். பயிற்சி, சான்று, விற்பனை என்று கழித்து விவசாயி கணக்கில் விழுவது 15,000. ஏக்கருக்கு வருஷம் 2,000 ரூபாய்.

காய்க்கிற எலுமிச்சை மரத்துக்கு வருஷத்துக்குத் தழைச்சத்து 600 கிராம் வேண்டும். தொழு உரத்தில் அது நூறு கிலோவுக்கு அரைக் கிலோதான். எருவிலேயே கொடுப்பதென்றால் மரத்துக்கு 120 கிலோ, ஏக்கருக்கு 110 மரம் இருந்தால் 13 டன். 2,000 ரூபாய்க்கு எத்தனை டிராக்டர் குப்பை வரும்? புளியங்குடிப் பக்கம் மானியத்தை நம்பி யூரியாவை ஒரேயடியாக நிறுத்தியவர்களின் மரங்கள் மஞ்சளடித்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். திட்டத்துக்கான விவசாயிகள் குழுவில் சேருமுன்பே தழையுரத்துக்குச் சணப்பை விதைத்து, எருவைக் கூட்டி, உரத்தைப் படிப்படியாகக் குறைத்துவிடுங்கள். மரப்பயிருக்கு மாறுதல் காலம், அதாவது முழுச் சான்றுக்கு முன் ரசாயன உரமில்லாமல் கடக்க வேண்டிய காலம், மூன்று வருஷம். நடுவில் ஒரு பிடி போட்டாலும் மறுபடி முதலிலிருந்து. முழுச் சான்று கைக்கு வரும்போது மானியம் முடிந்திருக்கும்.

தனியாளாக மனுப் போட முடியாது. 20 ஹெக்டேர் தொகுப்பு வேண்டும். எலுமிச்சை தோட்டக்கலைத் துறைக்குரியது. வேளாண் விரிவாக்க மையத்தில் போய் நின்றால் "இங்கே இல்லை, அங்கே போங்க" என்பார்கள். அங்கே போனால் "குழு முடிஞ்சிருச்சு, அடுத்த வருஷம் பார்ப்போம்". வாய்ப்பேச்சோடு திரும்பாதீர்கள். மனுவைக் கொடுத்து, நகலில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள்.

பட்டா இறந்துபோன அப்பா பெயரில் இருந்தால் மனு அங்கேயே நின்றுவிடும். கூட்டுப் பட்டாவும் அப்படித்தான். எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் கிராமக் கணக்கான அடங்கலைப் பார்த்தீர்களா? முப்பது வருஷத் தோப்பைத் தரிசு என்று எழுதிவைத்திருப்பார்கள். அதை முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் திருத்துங்கள்; மற்றதெல்லாம் பிறகு.

எலுமிச்சைக்கு எரு, பக்கத்து வயல் நெல்லுக்கு யூரியா என்று வைத்துக்கொள்ள முடியாது. இந்தத் திட்டத்தில் கிடைப்பது, குழு விவசாயிகளே ஒருவர் நிலத்தை ஒருவர் பார்த்துத் தரும் பங்கேற்புச் சான்று; அதில் உங்கள் நிலம் முழுவதும் மாற வேண்டும். கூண்டுக் கோழிப் பண்ணை எரு சல்லிசாகக் கிடைக்கிறதென்று இறக்கிவிடாதீர்கள். சான்றுக்கு ஆகுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். செம்மறிக் கிடை போட்டால் ஆட்டுக்காரரான கீதாரி பில் தரமாட்டார். எத்தனை ஆடு, எத்தனை ராத்திரி, எந்தத் தேதி என்று பண்ணை நோட்டில் அன்றன்றே எழுதுங்கள். ஆய்வுக்கு வருகிறவர் கேட்பது அந்த நோட்டைத்தான்.

குழுத் தலைவர் நீட்டும் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். மானியத்தைப் பொருளாகத் தருகிறோம் என்றால், அது கையில் வந்தபின் கையெழுத்து.

பணம் வரவில்லையென்று அலைகிறவர்களில் பலருக்கு அது வந்தே இருக்கிறது, எப்போதோ தொடங்கி மறந்த கணக்கில். எந்த வங்கியில் கடைசியாக ஆதாரை இணைத்தீர்களோ அங்கேதான் போகும். பாஸ்புக் நகல் கொடுத்தது போதுமென்று இருக்காமல் வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பங்கேற்புச் சான்று உள்நாட்டு விற்பனைக்கு மட்டும். ஏற்றுமதிக்கு வாங்குகிறவர் தேசிய இயற்கை உற்பத்தித் திட்டச் சான்று கேட்பார். அதற்குத் தமிழ்நாடு அங்ககச் சான்றளிப்புத் துறை போன்ற சான்றளிப்பு அமைப்பில் தனியாகப் பதிய வேண்டும், கட்டணமும் தனி.