தெரு வால்வை மூடினால் தண்ணீர் நிற்காது

கைகழுவும் தொட்டிக்கு அடியில் இருக்கும் இணைப்புக் குழாய் வெடித்துவிட்டது. வீட்டுக்காரர் வாசலுக்கு ஓடித் தெருக் குழாய் இணைப்பின் வால்வை மூடுகிறார். தண்ணீர் நிற்கவில்லை. அமெரிக்காவில் அந்த ஓட்டம் பலித்திருக்கும். அங்கே பெரும்பாலும் தெருக் குழாயின் அழுத்தமே நேராக வீட்டுக்குள் வருகிறது. நம் வீடுகளில் தண்ணீரைத் தள்ளுவது மொட்டை மாடித் தொட்டியின் உயரம். ஓட வேண்டியது மேலே, தொட்டியின் அடியில் இருக்கும் வால்வை மூட.

அதற்கு முன் இரண்டு வேலைகள். உடைந்த இடத்துக்குப் பக்கத்திலேயே சுவரில் ஆங்கிள் வால்வு (அந்த ஒரு குழாயை மட்டும் மூடும் சிறு திருகு) இருந்தால் அதை வலப்புறம் திருகிப் பாருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். அடுத்து, மோட்டாருக்கும் கீசருக்கும் போகும் மின்சாரத்தை நிறுத்துங்கள். மோட்டாரைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். தானியங்கிக் கருவி பொருத்திய வீட்டில் தொட்டியின் மட்டம் இறங்கியதும் மோட்டார் தானாக ஓடி, உடைந்த குழாய்க்குத் தண்ணீர் ஏற்றித் தரும். கருவி தன் கடமையைத்தான் செய்கிறது!

பத்து மீட்டர் உயரத் தண்ணீர் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ அழுத்தம் தரும். தொட்டி ஆறு மீட்டர் மேலே இருந்தால், உராய்வே இல்லாத கணக்கில், உடைப்பிலிருந்து தண்ணீர் நொடிக்குச் சுமார் 11 மீட்டர் வேகத்தில் பாயும். அரை அங்குலக் குழாயில் அது நொடிக்கு ஒரு லிட்டருக்கும் மேல். வளைவுகளும் உராய்வும் இதைப் பாதி அளவுக்கும் கீழே குறைத்தாலும், 1,000 லிட்டர் தொட்டி காலியாக ஒரு மணி நேரம் ஆகாது.

தொட்டியின் அடியில் இருப்பது கைப்பிடி உள்ள பால் வால்வு என்றால் கால் வட்டம் திருப்பினால் போதும். கைப்பிடி குழாயோடு ஒரே திசையில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. பழைய வீடுகளில் வட்டச் சக்கரம் கொண்ட கேட் வால்வு இருக்கும். சக்கரத்தைப் பலமுறை சுற்றினால் உள்ளே ஒரு பித்தளைத் தகடு மெல்ல இறங்கிப் பள்ளத்தில் உட்காரும். வருடக்கணக்கில் திறந்தே கிடந்தால் அந்தப் பள்ளத்திலும், சக்கரத்தையும் தகட்டையும் இணைக்கும் தண்டின் மரையிலும் உப்பு படிந்து இறுகிவிடும். ஸ்பேனர் போட்டு முறுக்கினால் தண்டு முறியும், அல்லது தகடு தண்டிலிருந்து கழன்றுவிடும். பிறகு சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும், தண்ணீரும் போய்க்கொண்டே இருக்கும். கொஞ்சம் மூடி, கொஞ்சம் திறந்து, மீண்டும் மூடுவதே வழி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சும்மாவேனும் அசைத்து வைத்தால் இந்த நிலை வராது.

மூடிய பிறகும் சிறிது நேரம் ஒழுகினால் பதற வேண்டாம். பத்து மீட்டர் நீள ஒரு அங்குலக் குழாயில் ஐந்து லிட்டர் அளவுக்குத் தண்ணீர் தங்கியிருக்கும். கீழே, உடைப்பைவிடத் தாழ்வான குழாயையும், காற்று நுழைய மேல் மாடிக் குழாய் ஒன்றையும் திறந்துவிட்டால் அது வேகமாக வடிந்துவிடும்.

வால்வு அடியோடு இறுகியிருந்தால்? தொட்டிக்குள் எட்டும் தூரத்தில் தண்ணீர் வெளியேறும் குழாயின் வாய் தெரிந்தால், சுத்தமான தடித்த துணியைச் சுருட்டி அதன்மேல் அழுத்துங்கள். ஒரு மீட்டர் ஆழத்தில் ஒரு அங்குல வாயின் மேல் அரைக் கிலோ எடை உட்கார்ந்ததுபோல் தண்ணீரே அதை அழுத்திப் பிடிக்கும். கீழே வடியும் குழாயின் உறிஞ்சல் இருந்தால் பிடி இன்னும் கூடும். அதனால் துணி வாயைவிட நன்றாகப் பெரிதாக இருக்கட்டும், இல்லாவிட்டால் குழாய்க்குள் போய்விடும். பிளம்பர் வந்ததும் உருவி எடுக்க ஒரு முனையை நீளமாக விட்டு வையுங்கள்.